மரமேறிக்கு ஒரு சேணம்



மரத்தை நம்பி வாழ்ந்த கூட்டம் நம் கூட்டம். கித்தா மரத்தின் அருகில் நின்று பால் வெட்டினோம். செம்பனையின் அடியில் நின்று, நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் குலை அறுத்தோம். தென்னை ஒன்றுதான், 'ஏறி வா' என்று நம்மை உச்சிக்கு அழைத்த மரம். கள் இறக்கவும் காய் பறிக்கவும் ஏறியவர்கள் பல தோட்டங்களில் இருந்தார்கள். காலில் ஒரு தளைநார், இடுப்பில் ஓர் அரிவாள், மனத்தில் முனியாண்டி சாமி. அவர்களுடைய பாதுகாப்புச் சாதனங்கள் இவ்வளவுதான்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். நம் நாட்டில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்டது 1917ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் வட்டாரத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் தோட்டம்! செம்பனை வந்து குடியேறிய இடத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் நம் தமிழ்ப் பெயர்.

என் தங்கையின் கணவரும் தென்னை ஏறியவர்தான். காலையில் தோட்ட வேலை, மாலையில் பக்கத்துக் கம்பத்து வீடுகளில் தேங்காய் பறிப்பு. 2008ஆம் ஆண்டு, மழை விட்ட ஒரு மாலையில், பாசி பிடித்த மரத்தில் தளைநார் வழுக்கிவிட்டது. இருபதடி உயரம். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். ஆனால் கைச்செலவுக்காகத் தாமாகச் செய்த வேலையல்லவா? நட்ட ஈடு கேட்க ஓரிடமும் இல்லை. இன்றைக்கும் அவர் கோலூன்றித்தான் நடக்கிறார். அன்று, "அப்பா விழுந்துட்டாரு" என்று என் வீட்டுக்கு ஓடிவந்து அழுத சிறுவனுக்கு வயது ஏழு.

அந்தச் சிறுவன்தான் இன்று இருபத்து நான்கு வயது இளைஞன். சாலையோர மரங்களின் கிளை கழிக்கும் குத்தகையாளர் ஒருவரிடம் அவனுக்கு வேலை கிடைத்தது. கீழே நின்று கிளை பொறுக்கினால் ஒரு கூலி, மேலே ஏறினால் அதைப்போல் இரண்டு மடங்கு. மேலே ஏறத்தான் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். வீட்டில் மூன்று நாள் சண்டை. கடைசியில் என் தங்கை, கோழி வளர்த்துச் சேர்த்த 1,500 வெள்ளியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, ஏறாதேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நல்ல பெல்ட்டா வாங்கிக் கொடுங்க. நீங்க கூடவே போய்ப் பார்த்து வாங்குங்க" என்றாள்.

தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு மரமேறும் பெல்ட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் தங்கை கேட்டுவிட்டாள். பள்ளி விடுமுறையில் மருமகனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அந்த ஒரு நாள் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிள்ளானில் ஒரு கடை

எங்கள் தோட்டம் கிள்ளானுக்குத் தெற்கே இருக்கிறது. காலையில் பேருந்து பிடித்துக் கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையில் பசியாறினோம். பூக்கடை மல்லிகை வாசமும் பலகாரக் கடை எண்ணெய் வாசமும் கலந்து வரும் அந்தச் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தீபாவளிக்குத் துணி எடுக்க வராத தோட்டத்துக் குடும்பம் இந்த வட்டாரத்தில் உண்டோ!

பிறகு ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். கட்டட வேலையாட்கள் அணியும் வார் ஒன்றை எடுத்துப் போட்டார் கடைக்காரர். விலை 150 வெள்ளி. மருமகன் முகம் மலர்ந்துவிட்டது. மீதிப் பணத்துக்குச் சங்கிலி வாள் ஒன்று வாங்கிவிடலாம் என்று அவனுக்குக் கணக்கு.

"ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"இது என்ன சார், சட்டையா? எல்லாம் ஒரே அளவுதான். பையைப் பிரிச்சா நீங்க வாங்கித்தான் ஆகணும்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அறுபது வெள்ளிச் செருப்பைக் காலில் மாட்டி நாலு எட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம். உயிரைத் தாங்கும் வாரைப் போட்டுப் பார்க்கக் கூடாதா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. வாங்காமல் வெளியே வந்தோம். மருமகன் முகம் சுருங்கியது. "வா, பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்" என்று சமாதானம் சொல்லி ரயிலேறினேன்.

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்

கிள்ளான் ரயில் பாதை பழம் பெருமை உடையது. 1886ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. இன்று அதே திசையில் மின்சார ரயிலில் குளுகுளுவென்று உட்கார்ந்து போகிறோம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ்.

1880களில் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை மாற்றிச் செங்கல் வீடுகளாகக் கட்டியபோது, அதற்கான சூளைகள் இருந்த இடம் இது. பெயரும் அப்படித்தான் வந்தது. பிறகு ரயில்வே ஊழியர்களான நம்மவர்களும் யாழ்ப்பாணத்தாரும் நிறைந்த பகுதியாயிற்று. இதன் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய நாளில், 1960ஆம் ஆண்டு, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வழி செய்தவர் அவர். தங்கையின் கோழிப் பணத்தைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்தபடி அந்தச் சாலையில் நடந்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது.

என் நண்பர் ஆசிரியர் பயிற்சியில் என்னோடு சேர்ந்தவர். பாதியில் விட்டுவிட்டு மரம் கழிக்கும் தொழிலுக்குப் போனார். இருபது ஆண்டு அனுபவசாலி. கிள்ளான் கடைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தேநீரை ஆற்றிக்கொண்டே பாடம் நடத்தத் தொடங்கினார்.

"வாத்தியாரே, நல்ல வேளை, வாங்காமல் வந்தீர்கள். அந்த வார் கட்டட வேலைக்கு நல்லதுதான். ஆனால் அதன் வளையம் முதுகில் இருக்கும். ஆள் தவறி விழுந்த பிறகு பிடித்து நிறுத்துவது அதன் வேலை. மரத்தில் வேலை செய்கிறவனுக்கு வேண்டியது வேறு. அவன் விழாமலே இருக்க வேண்டும். இடுப்பையும் இரண்டு தொடைகளையும் தாங்கி, வளையம் முன்பக்கம் இருக்கிற மாதிரி, நாற்காலியில் உட்கார்ந்தது போல் உட்கார வைக்கிற வார் வேண்டும். வெள்ளைக்காரன் அதற்குக் குதிரைச் சேணத்தின் பெயரையே வைத்திருக்கிறான்."

சேணம்! எனக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.

மரத்தில் அது வேலை செய்யும் விதத்தையும் விளக்கினார். உறுதியான கவட்டின் மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைச் சேணத்தில் மாட்ட வேண்டும். மறுபக்கம் தொங்கும் கயிற்றின் மேல் சுற்றிப் போடுகிற ஒரு முடிச்சு உண்டு. தளர்த்தித் தள்ளினால் மேலே நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வாளைக் கையில் எடுக்கும் முன்பு, கிளையையோ மரத்தையோ சுற்றி இன்னொரு குட்டைக் கயிற்றையும் மாட்டிக்கொள்ள வேண்டும். வாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றொன்று தாங்கும். சங்கிலி வாளுக்கு, உள்ளே இரும்புக் கம்பி ஓடும் குட்டைக் கயிறு நல்லது.

"எங்கப்பா தளைநார் மட்டும் போட்டு ஏறினாரு, மாமா" என்றான் மருமகன், தந்தையை விட்டுக்கொடுக்காமல்.

"உங்கப்பா திறமைசாலி, தம்பி. அதில் சந்தேகமில்லை. ஆனால் தளைநார் காலைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது" என்றார் நண்பர்.

உலகத்தில் மரமேறிகள் பல விதம். இலங்கையின் மேற்குக் கரையில், மரத்துக்கு மரம் தென்னை நார்க் கயிறு கட்டி, ஆகாயத்திலேயே நடந்து கள் இறக்குவார்கள். கீழே ஒரு கயிறு காலுக்கு, மேலே ஒரு கயிறு கைக்கு. நம் கிளந்தானில் பெரோக் குரங்கைப் பழக்கித் தேங்காய் பறிக்கிறார்கள். கேரளத்தில் ஏறுவதற்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது, இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. மரத்தைச் சுற்றிக் கம்பியால் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கருவியில் நின்று, ஒவ்வொரு காலாக உயர்த்தி ஏறுவது அந்த முறை. பெண்களும் கற்றுக்கொண்டு ஏறினார்கள். ஆனால் அந்தக் கருவி நெட்டையாகக் கிளையின்றி நிற்கும் தென்னைக்குத்தான் ஆகும். தூங்குமூஞ்சி மரம் போல் கிளை விரித்த மரத்துக்குக் கயிறும் சேணமும்தான் வழி.

கால் மணி நேரத் தேர்வு

நண்பர் தாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கு எங்களை அழைத்துச் சென்றார். சீனர் கடை. கூரை உத்திரத்தில் ஒரு கயிறு தொங்கியது. "யாராக இருந்தாலும் இதில் தொங்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதுதான் தவுக்கேயின் சட்டம்" என்றார் நண்பர். தவுக்கே தலையாட்டிவிட்டு மூன்று சேணங்களை எடுத்து வைத்தார்.

சேணத்தை வேலை உடுப்பின் மேல்தான் அணிய வேண்டும். காலில் வேலைச் சப்பாத்து இருக்க வேண்டும். சட்டைப்பை, காற்சட்டைப் பையில் எதுவும் இருக்கக் கூடாது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே அமர வேண்டும். இறுக்கிய பிறகு விரித்த கை உள்ளே போகலாம், மடக்கிய கை போகக் கூடாது. பிறகு கயிற்றில் மாட்டி, கால் தரையை விட்டு ஓரடி உயரத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும். ஓரடிதான்! விழுந்தாலும் சிரித்துக்கொண்டு எழுந்துவிடலாம். அந்த உயரத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாத சேணத்தில், ஐம்பதடி உயரத்தில் அரை நாள் வேலை செய்ய முடியுமா?

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தேர்வு மண்டபக் கண்காணிப்பாளர் போல் நின்றேன்.

முதல் சேணம் பார்க்க அழகு. இலேசானது, பளபளப்பானது. மருமகன் அதில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டான். ஐந்தாவது நிமிடத்தில் நெளியத் தொடங்கினான். தொடைப் பட்டை இடுக்கில் கடித்தது. எட்டாவது நிமிடத்தில் கால் மரத்துப்போயிற்று. இறக்கிவிட்டோம்.

இரண்டாவது சேணம் பட்டை அகலமானது. ஆனால் அவனுக்கு ஓர் அளவு பெரியது. உட்கார்ந்ததும் பட்டை மேலேறி விலா எலும்பை அழுத்தியது. நண்பர் என்னையும் அதில் ஒரு முறை உட்கார்த்தி வைத்தார். சுண்ணக்கட்டி பிடித்தே தொப்பை வளர்த்தவன் நான்! எனக்குப் பட்டை மேலேறவில்லை, மூச்சுதான் மேலேறியது. கடைப் பையன்கள் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது சேணம் பார்வைக்குச் சாதாரணம். கறுப்பு நிறம், தடித்த பட்டை. அதில் உட்கார்ந்தவன் கால் மணி நேரமும் பேசிக்கொண்டே இருந்தான். இடப்பக்கம் சாய்ந்து எட்டச் சொன்னார் நண்பர். வலப்பக்கம் திரும்பச் சொன்னார். இடுப்பில் வாளையும் பாராங்கையும் மாட்டி மீண்டும் உட்காரச் சொன்னார். கையுறை போட்டபடியே பட்டையைத் தளர்த்தி இறுக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சேணம் இடம் கொடுத்தது. விலை 1,380 வெள்ளி.

மருமகன் முகம் மீண்டும் சுருங்கியது. சங்கிலி வாள் கனவு கலைந்துவிட்டதே! உண்மையைச் சொன்னால், வாசகர்களே, என் மனமும் அந்த நேரத்தில் தடுமாறியது. முதல் சேணத்தின் விலை 480 வெள்ளி குறைவு. கொஞ்சம் கடித்தால் என்ன, பழகிவிடாதா? இரவல் பணத்தில் வாழ்ந்து பழகிய புத்தி அப்படித்தான் கேட்டது.

நண்பர் என்னைப் புரிந்துகொண்டார். "கடிக்கிற சேணத்தை ஆள் என்ன செய்வான் தெரியுமா, வாத்தியாரே? தொடைப் பட்டையைத் தளர்த்திவிடுவான். பிறகு வெறும் இடுப்புப் பட்டையில்தான் உயிர் தொங்கும். வாள் என்னிடம் இரண்டு இருக்கிறது. தம்பி ஆறு மாதம் என்னோடு வந்து தொழில் பழகட்டும். அதுவரை அவனுக்கு வாள் வேண்டாம்" என்றார்.

நுனிக்கொம்பில் ஏறியவன் அதற்கும் மேலே ஏற முயன்றால் உயிருக்கே முடிவு என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். வகுப்பில் எத்தனை முறை அதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! கொம்பின் வலிமையைப் போலவே வாரின் வலிமையையும் அறியத்தான் வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வாங்கும் முன் தவுக்கே அட்டையைக் காட்டினார். உட்காரும் வாருக்கான ஐரோப்பியத் தர எண் ஈ.என். 813, தயாரித்த ஆண்டு, அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருந்தன. இவை இல்லாததை வாங்காதீர்கள். யாரோ விற்கும் பழைய சேணத்தையும் வாங்காதீர்கள். அது எத்தனை விழுதலைத் தாங்கியதென்று அதற்கு வாயில்லை சொல்ல. ஒரு பலத்த விழுதலைத் தாங்கியதும் சேணத்தின் ஆயுள் முடிந்தது. நாள்தோறும் தையலைப் பாருங்கள். நிழலில் உலர்த்துங்கள். தோட்டத்து வீடுகளில் பெட்ரோலும் களைக்கொல்லியும் பழைய பேட்டரியும் ஒரே கொட்டகையில் கிடக்கும். அங்கே சேணத்தை மாட்டாதீர்கள். பேட்டரித் திராவகம் பட்டால் நைலான் உளுத்துவிடும், கண்ணுக்கும் தெரியாது.

ஜெலுத்தோங் மரத்தடியில்

"ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போங்கள்" என்றார் நண்பர். மூவரும் மோனோரயிலில் ஏறிப் புக்கிட் நானாஸில் இறங்கினோம். அந்தப் பாதை சுல்தான் இஸ்மாயில் சாலையின் மேல் போகிறது. 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், காற்று மழையில் ஒரு பெரிய மரம் அந்தச் சாலையில்தான் சாய்ந்தது. ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. மோனோரயிலும் தடைப்பட்டது. அதன் பிறகு மாநகரின் ஆபத்தான மரங்களைப் பற்றிய பேச்சும் வேலையும் பெருகின. மரம் அறிந்து ஏறுகிறவன் சாலையில் போகும் ஊராரின் உயிரையும் காக்கிறான் என்று நண்பர் சொன்னபோது, மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கோலாலம்பூர் கோபுரத்தின் அடிவாரத்தில் நிற்கிறது அந்த ஜெலுத்தோங் மரம். நூறு வயதைக் கடந்தது. ஒரு காலத்தில் இந்த மர இனத்தின் பாலிலிருந்து மெல்லும் கோந்து செய்தார்கள், நம் கித்தாவுக்கு ஒரு விதத்தில் உறவு! 1996இல் திறக்கப்பட்ட 421 மீட்டர் கோபுரத்தைக் கட்டியபோது, இந்த ஒரு மரத்தை வெட்டாமல் காக்க 4,30,000 வெள்ளி செலவில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். நல்ல காரியம். மனமாரப் பாராட்டினேன். அதே மரத்தடியில் நின்று, கையில் இருந்த சேணத்தையும் பார்த்தேன். மரத்தைக் காக்க அவ்வளவு செலவு செய்யலாம் என்றால், மரத்தில் ஏறும் மகனைக் காக்க 1,380 வெள்ளி அதிகமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிலாளியே எல்லாவற்றையும் தன் பணத்தில் வாங்க வேண்டும் என்பதில்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குப் பொறுப்பு வைக்கிறது. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் முதல் நாளிலிருந்து ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், வேலையிடத்தை விட்டு விலகவும் அது உரிமை தருகிறது. குத்தகையாளரிடம் வாய் திறந்து கேளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்வோருக்கென 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொக்சோ பாதுகாப்பும் உண்டு. அலுவலகத்தில் விசாரித்துச் சந்தா கட்டிவிடுங்கள். என் மைத்துனருக்கு அன்று இல்லாதது, உங்கள் பிள்ளைக்கு இருக்கட்டும்.

தனியாக மட்டும் ஏறாதீர்கள். வாரில் அசையாமல் வெகு நேரம் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி ஆபத்தாகும். மேலே இருப்பவனை ஏறி இறக்கத் தெரிந்த ஓர் ஆள் கீழே இருந்தே ஆக வேண்டும்.

வீட்டு ரம்புத்தான் மரம்

இருட்டிய பிறகு வீடு சேர்ந்தோம். தங்கை பையைப் பிரித்துப் பார்த்தாள். விலையைக் கேட்டுத் திகைத்தாள். பிறகு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா வலிக்காதா?" என்றாள்.

"நீயே உக்காந்து பாரும்மா" என்றான் மகன், விளையாட்டாக.

அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, கைலிக்கு மேல் மகனுடைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசல் ரம்புத்தான் மரத்தின் தடித்த கிளையில் கயிற்றைப் போட்டோம். தரையிலிருந்து ஓரடி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஒரு கையை விட்டாள். பிறகு மறு கையையும் விட்டாள்.

"தாங்குதுண்ணே" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மைத்துனர் கோலை ஊன்றி எழுந்து வந்தார். சேணத்தின் தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். நாங்கள் ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றோம். அவர் மகனைப் பார்த்து, "இது சரி. கிளையில போட்ட முடிச்சை எனக்குக் காட்டு" என்றார்.

மகன் முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் போட்டுக் காட்டினான். அவர் இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.